உப்புக் காற்றில் கனெக்டரைக் காப்பது எப்படி?

உவரி, இடிந்தகரை, கூடங்குளம் போன்ற கடலோர ஊர்களில் சோலார் பம்பு கன்ட்ரோலரோ இன்வெர்ட்டரோ படுத்துவிட்டால், ஐசியை (போர்டில் உள்ள சிப்பை) சந்தேகிக்கும் முன், வயரைப் போர்டோடு இணைக்கும் கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள். பின்னின் அடியில் பச்சைக் களிம்போ வெள்ளைப் பூப்போ இருந்தால் கோளாறு பெரும்பாலும் அங்கேதான். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்புத்தூள் தானே நீர் கோத்துக் கரைசலாகிவிடும். மதியம் ஒழுங்காக ஓடும் போர்டு விடியற்காலையில் தகராறு செய்வது இதனால்தான்.

பலரும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைப்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். அது பிசினையும் எண்ணெயையும் எடுக்கும். உப்பு அதில் அநேகமாகக் கரையாது, இடம் மாறிப் படியும், அவ்வளவே. உப்பை எடுக்கத் தண்ணீர்தான் வேண்டும். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் போதும். ஆசிட் கேனோடு மாறிவிடாமல் பார்த்து வாங்குங்கள். போர் தண்ணீர் கூடவே கூடாது, அதிலேயே உப்பு இருக்கிறது.

முதலில் மெயினை அணையுங்கள். சோலார் என்றால் பேனல் லைனைத் துண்டிக்கும் சுவிட்சான டிசி ஐசோலேட்டரையும் அணைக்க வேண்டும். வெயில் இருக்கும்வரை பேனல் மின்சாரம் தந்துகொண்டேதான் இருக்கும். பத்து நிமிடம் விட்டு, பெரிய கெப்பாசிட்டரின் இரு முனையிலும் மீட்டர் வைத்து வோல்டேஜ் இறங்கிவிட்டதை உறுதி செய்த பிறகே கை வையுங்கள். வயர் வரிசையைப் போட்டோ எடுத்துக்கொண்டு, லாக்கை அமுக்கி, பிளாஸ்டிக் உறையைப் பிடித்து இழுங்கள். வயரைப் பிடித்து இழுத்தால் கிரிம்ப், அதாவது வயரைப் பின்னோடு நசுக்கிப் பிடித்திருக்கும் இடம், தளர்ந்துவிடும்.

மெல்லிய பிரஷ்ஷில் டிஸ்டில்டு வாட்டர் தொட்டு இரு பாதியையும் இரண்டு முறை கழுவுங்கள். ரிலே, டிஸ்பிளே, பஸ்ஸர் பக்கம் நீர் போகக்கூடாது. பிறகு 99 சதவீத ஆல்கஹால். மிச்ச நீரை அது இழுத்துக்கொண்டு ஆவியாகும். முழுக்கக் காய்ந்த பிறகே மாட்டுங்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். மேலே இருக்கும் தகர முலாம் மிக மெல்லியது. அது போனால் செம்பு வெளியே வந்து முன்னைவிட வேகமாகக் களிம்பேறும்.

உறை பழுப்பேறியிருந்தாலோ பிடிமானம் தளர்ந்திருந்தாலோ இரு பாதியையும் சேர்த்தே மாற்றுங்கள். சந்தேகமானால், 12, 24 வோல்ட் பக்கத்தில் மட்டும், லோடு ஓடும்போது வயர் முனைக்கும் போர்டின் சால்டருக்கும் இடையே மில்லிவோல்ட் பாருங்கள். 3 ஆம்பியர் ஓடும்போது 60 மில்லிவோல்ட் என்றால் தடை 20 மில்லிஓம். சின்ன கனெக்டருக்கு அதற்கு மேல் போனால் மாற்றுவதே நல்லது.

போர்டுக்குக் கன்ஃபார்மல் கோட்டிங் (ஈரம் புகாமல் காக்கும் மெல்லிய பூச்சு) அடிக்கும்போது கனெக்டர் வாயை கேப்டன் (Kapton) டேப்பால் மூடுங்கள். உள்ளே இறங்கினால் பின் இன்சுலேட் ஆகிவிடும். மாட்டிய பிறகு வெளி விளிம்பில் மட்டும், மின்சாரம் கடத்தாத டைஎலக்ட்ரிக் கிரீஸ் மெல்லிசாகத் தடவலாம். சிலிக்கான் கிரீஸ் என்றால் மூடாத ரிலேக்குப் பக்கத்தில் வேண்டாம். அதன் ஆவி தீப்பொறியில் எரிந்து ரிலே கான்டாக்டில் மணலாகப் படியும்.

பெட்டிக்குள் வயர் கீழ்ப்பக்கமாகத்தான் நுழைய வேண்டும், வெளியே ஒரு வளைவு தொங்கவிட்டு. வைகாசியில் காற்று தொடங்கும் முன் ஒருமுறையும் ஐப்பசி மழைக்கு முன் ஒருமுறையும் திறந்து பாருங்கள்.