சீசனுக்கு ஊட்டி போகும் பிரியாணி மாஸ்டருக்கு

சென்னையில் புளியந்தோப்பிலோ வியாசர்பாடியிலோ தேக்சா (பிரியாணி அண்டா) வைத்துக் கை பழகியவர், ஏப்ரல்–மே சீசனுக்கு ஊட்டி ஓட்டலில் வேலைக்குச் சேர்ந்தால் முதல் நாளே அரிசி சண்டை போடும். அரிசி பழசு, மட்டம் என்று கடைக்காரர் மேல் பழி விழும். குற்றம் அரிசியில் இல்லை. நம்ம பக்கம் கடல் மட்டம். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். அங்கே தண்ணீர் 92–93 டிகிரியிலேயே தளதளவென்று கொதித்துவிடும். அதற்குமேல் எவ்வளவு விறகு தள்ளினாலும் சூடு ஏறாது, தண்ணீர்தான் வற்றும். கொதி வந்ததிலிருந்து நிமிடம் எண்ணுகிற பழக்கத்தைச் சென்ட்ரல் ஸ்டேஷனிலேயே விட்டுவிடுங்கள்.

பாசுமதியை இங்கே அரை மணி ஊறவைப்பவர் அங்கே ஒரு மணி நேரம் ஊறவையுங்கள். குழாய்த் தண்ணீரே ஐஸ் மாதிரி இருக்கும். வெதுவெதுப்பாக்கி ஊற்றுவது நல்லது. மசாலாவிலேயே அரிசி போடும் முறை என்றால், வழக்கமான ஒன்றரைப் பங்குக்கு மேல் கிலோவுக்கு 100 முதல் 150 மில்லி தண்ணீர் கூட்டுங்கள். அதுவும் கொதித்த தண்ணீராக இருக்கட்டும். பச்சைத் தண்ணீர் ஊற்றினால் மசாலா ஆறிப்போய், மறுபடி கொதி வருவதற்குள் அரிசியின் மேல்புறம் குழைந்துவிடும், நடு வேகாது.

பலர் ஏமாறும் இடம் தம். இங்கே முக்கால் பதத்தில் மூடுகிறோம். அங்கே அதைத் தாண்டிப் போய் மூட வேண்டும். ஒரு பருக்கையை எடுத்து நகத்தால் நசுக்கிப் பாருங்கள். நடுவில் நீளமாக வெள்ளைக் கோடு தெரிந்தால் இன்னும் நேரமாகவில்லை. குண்டூசித் தலை அளவு புள்ளி மட்டும் நின்றால் மூடலாம். 20 நிமிட தம்முக்கு அங்கே 30 நிமிடம் கொடுங்கள். காற்று வரும் பக்கம் தகரம் வைத்து மறையுங்கள். மூடிமேல் தணல் எவ்வளவு கொட்டினாலும், தேக்சாவின் வயிற்றில் அடிக்கும் குளிர்காற்று தம்மைத் தின்றுவிடும்.

ஆட்டுக்கறியைத் தனியாகக் குக்கரில் வேகவைத்துச் சேர்ப்பதே பத்திரம். குக்கரிலும் கால்வாசி நேரம் கூடும்: இங்கே 20 நிமிடம் என்றால் அங்கே 25. விசில் எண்ணாதீர்கள், கடிகாரம் பாருங்கள். பருப்பு, கொண்டைக்கடலைக்கும் இதே கணக்கு.

சிக்கன் 65, பஜ்ஜி கதை வேறு. எண்ணெய்ச் சூடு உயரத்தால் குறையாது. உள்ளிருக்கும் ஈரம்தான் குறைந்த சூட்டிலேயே ஆவியாகும். அதனால் வெளியே கறுத்து உள்ளே பச்சையாக நிற்கும். தீயைக் கொஞ்சம் தணித்து, துண்டைச் சின்னதாக வெட்டி, நிதானமாகப் பொரியுங்கள்.

காலை டிபனும் உங்கள் தலையில் விழுந்தால் மாவு இன்னொரு தொல்லை. சென்னையில் இரவு ஆட்டினால் காலையில் பொங்கி வழியும். ஊட்டி இரவில் அது அசையாது. 16 மணி நேரம் முதல் ஒரு நாள் வரை எடுக்கும். வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு ஆட்டி, கையால் நன்றாகக் கலந்து, பாயிலர் பக்கத்தில் பாத்திரத்தைச் சாக்கு சுற்றி வையுங்கள். நாளைக்கான மாவை இன்று காலையிலேயே ஆட்டியாக வேண்டும். தயிருக்குப் பால் கொஞ்சம் கூடுதல் சூட்டில் இருக்கும்போதே உறை ஊற்றுங்கள்.

விடியற்காலையில் சிலிண்டர் தீர்ந்த மாதிரி தீ சுருங்கும். தீர்ந்திருக்காது; குளிரில் உள்ளே இருக்கும் திரவம் வேகமாக ஆவியாகவில்லை, அவ்வளவுதான். சிலிண்டரைச் சூடுபடுத்தும் வேலையே வேண்டாம். இரண்டு மூன்று சிலிண்டர்களைச் சேர்த்து ஒரே லைனில் இணைக்கச் சொல்லி முதலாளியிடம் கேளுங்கள். ஒவ்வொன்றின் மேலும் இழுவை குறையும்.

இனி பயணம். சென்ட்ரலில் இரவு கிளம்பும் நீலகிரி எக்ஸ்பிரஸ் காலையில் மேட்டுப்பாளையம் சேர்க்கும். அங்கிருந்து மலை ரயில் 46 கிலோமீட்டரை ஏற ஐந்து மணி நேரம் எடுக்கும், சீசனில் டிக்கெட்டும் கிடைக்காது. மூட்டையோடு போகிறவருக்கு அரசு பஸ்தான் சரி. பாத்திரங்களைச் சொந்த வேனில் ஏற்றினால் இ-பாஸ் (நீலகிரிக்குள் வண்டி வர ஆன்லைன் அனுமதி) வேண்டும். 2024 மே மாதம் முதல் நடைமுறையில் இருக்கிறது. பஸ்ஸில் போகிறவருக்குத் தேவையில்லை. பிளாஸ்டிக் பை, தண்ணீர் பாட்டில் இரண்டுக்கும் நீலகிரியில் தடை, சோதனைச் சாவடியில் பிடுங்கிவிடுவார்கள். அரைத்த மசாலாவைத் தகர டப்பாவில் கொண்டுபோங்கள். ஒட்டிய பாக்கெட் மேலே ஏற ஏறப் பந்து மாதிரி உப்பும், ஒட்டு பலவீனமாக இருந்தால் பையெல்லாம் மிளகாய்த்தூள். ஸ்வெட்டரைச் சென்னையில் தேடி அலைய வேண்டாம். தாவரவியல் பூங்கா அருகே திபெத்தியர் கடைகள் இருக்கின்றன.

கூலி பேசும்போது மூன்று கேள்வி போதும்: மழையால் கூட்டம் இல்லாத நாளுக்கும் சம்பளம் உண்டா, தங்குமிடத்துக்குப் பிடித்தம் உண்டா, திரும்பி வரும் டிக்கெட் யார் கணக்கு. எல்லாவற்றையும் மே கடைசியில் மொத்தமாகத் தருகிறேன் என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். வாரா வாரம் கை நீட்டி வாங்குங்கள். வெளியே அறை எடுப்பதானால் கேத்தி, லவ்டேல் பக்கம் விசாரிக்கலாம். முன்பணம் கொடுப்பதற்குமுன் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டுவிடுங்கள். அடுப்படி மூடுவது அதற்குப் பிறகென்றால் அந்த அறையால் பயனில்லை.

தங்கும் இடத்தில் ஆளுக்கு இரண்டு கம்பளி கேளுங்கள். தம் போட்டு மிஞ்சிய தணலைச் சட்டியில் அள்ளிப் படுக்கும் அறைக்குள் கொண்டுபோகவே கூடாது. ஜன்னலை அடைத்த அறையில் கரி அடுப்பிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, கண்ணும் எரியாது. தூங்குகிறவர் அப்படியே எழுந்திருக்காமல் போய்விடுவார். தணலை வெளியிலேயே தண்ணீர் தெளித்து அணைத்து, பரப்பிக் காயவையுங்கள். காய்ந்த கரி அடுத்த தம்முக்கு ஆகும்.