ஆந்தை பாசிலை கால் எலும்பை வச்சே கண்டுபிடிக்கிறது எப்படி

பறவை பாசில்ல (புதைபடிவத்துல) முழு எலும்புக்கூடு கிடைக்கிறது அபூர்வம், பெரும்பாலும் கால் எலும்புல ஒரு துண்டு தான் கைக்கு வரும். ஆந்தைன்னு சொல்றதுக்கு பல நேரம் அதுவே போதும், ஆனா நீளத்தையும் தடிமனையும் பார்த்து முடிவு பண்ணாதீங்க, முனைகளை பாருங்க.

முழங்காலுக்கு கீழ இருக்கிறது டிபியோடார்சஸ், அதுக்கும் கீழ விரல் வரைக்கும் வர்றது டார்சோமெட்டாடார்சஸ்.

முதல்ல டிபியோடார்சஸோட கீழ் முனையை முன்பக்கமா திருப்புங்க. கழுகு, பருந்து, வல்லூறுக்கெல்லாம் அங்க உள்ள பள்ளத்துக்கு குறுக்க ஒரு சின்ன எலும்பு பாலம் இருக்கும், விரலை நீட்டுற தசைநாண் அதுக்கு அடியில தான் போகும். ஆந்தைக்கு அந்த பாலம் கிடையாது. ஆனா பாலம் உடைஞ்சு விழுந்திருந்தாலும் இல்லாத மாதிரியே தெரியும், அதனால லென்ஸ் வச்சு பள்ளத்தோட ரெண்டு ஓரத்தையும் பொறுமையா பாருங்க, சொரசொரன்னு உடைஞ்ச அடிப்பகுதி தெரிஞ்சா பாலம் இருந்திருக்குன்னு அர்த்தம், வழவழன்னு இருந்தா ஆந்தையா இருக்க நல்ல வாய்ப்பு.

அடுத்தது டார்சோமெட்டாடார்சஸோட கீழ் முனை. விரல் சேர்ற மூணு குமிழ் இருக்கும், கீழேர்ந்து பார்த்தா ஆந்தைக்கு அது வில்லு மாதிரி வளைஞ்சு நிக்கும், வெளிப்பக்க குமிழ் பின்னால திரும்பியிருக்கும். ஆந்தை வெளி விரலை முன்னாடியும் பின்னாடியும் திருப்பும்ல, அதுக்கான அமைப்பு தான் இது.

ஆந்தைன்னு உறுதியானதும் கூகை (barn owl) குடும்பமா மத்த ஆந்தை குடும்பமான்னு பார்க்கணும், எனக்கு ரொம்ப பிடிச்ச இடம் இது. டார்சோமெட்டாடார்சஸோட மேல் முனைக்கு பக்கத்துல, முன்பக்கம், மத்த ஆந்தைகளுக்கு ஒரு எலும்பு வளைவு இருக்கும், கூகைக்கு இருக்காது. மீன் பிடிக்கிற வேட்டைப் பறவையான விராலடிப்பானுக்கும் இதே வளைவு உண்டு, ஆனா அதுக்கு டிபியோடார்சஸ்ல பாலமும் இருக்கும், அதனால தான் ரெண்டு எலும்பையும் சேர்த்து பார்க்க சொல்றேன். குஞ்சு எலும்புல வளைவு முழுசா உருவாகாம இருக்கலாம், முனை நுண்துளையா பஞ்சு மாதிரி இருந்தா அதை வச்சு குடும்பம் சொல்லாதீங்க.

நீளக் கால்னா கூகைன்னு பலர் நினைக்கிறாங்க, அது சரியில்ல. ஹவாய் தீவுகள்ல அழிஞ்சுபோன கிராலிஸ்ட்ரிக்ஸ் ஆந்தைகளுக்கு காலு அவ்ளோ நீளம், ஆனா அது கூகை குடும்பமே இல்ல. கியூபாவோட ஆர்னிமெகலோனிக்ஸ் கதை இன்னும் மோசம், அதோட பெரிய எலும்புகளை முதல்ல பறக்காத ராட்சச வேட்டைப் பறவையோடதுன்னு தான் நினைச்சாங்க, பிறகு தான் ஆந்தைன்னு தெரிஞ்சுது.

ரொம்ப பழைய பாசில்னா இன்னும் கவனம் வேணும். அமெரிக்காவோட வயோமிங்ல கிடைச்சு 2020-ல பேர் வச்ச ப்ரிமாப்டிங்ஸ்ங்கிற ஆந்தை சுமார் 5.5 கோடி வருஷம் பழசு, அதோட நகங்களோட அளவு விகிதம் இன்னைக்கு ஆந்தை மாதிரி இல்லாம பருந்து மாதிரி இருக்கு, நகத்தை மட்டும் பார்த்தா வழி தவறிடும்.

இனம் வரைக்கும் போகணும்னா மியூசியத்துல இருக்கிற இன்றைய ஆந்தை எலும்புகளோட பக்கத்துல வச்சு ஒப்பிடுங்க, ஆணும் பெண்ணுமா பல எலும்போட, ஏன்னா நிறைய ஆந்தைகள்ல பெண் தான் பெருசு, ஒரே இனத்தை ரெண்டு இனமா பிரிச்சிடுவோம். முனை ரெண்டும் போய் நடுத்தண்டு மட்டும் இருந்தா லேபிள்ல "பறவை"ன்னு எழுதி வச்சிடுங்க.