பாதரசக் குமிழை உடையாமல் ஊர் மாற்றுவது எப்படி?

கார்பன் விளக்கில் படம் ஓட்டிய காலத்துத் திரையரங்குகள் சிலவற்றில், ஆபரேட்டர் அறையை ஒட்டி ஓர் இரும்புப் பெட்டி நிற்கும். உள்ளே, சிலந்தி கால் விரித்தாற்போல நாலாபக்கமும் கைகள் நீட்டிய கண்ணாடிக் குமிழ் ஒன்று ஊதாவும் நீலமுமாகத் துடித்துக்கொண்டிருக்கும். அதுதான் மெர்க்குரி ஆர்க் ரெக்டிஃபையர். ஏ.சி. மின்சாரத்தை டி.சி.யாக மாற்றித் தரும் கருவி. 1902இல் பீட்டர் கூப்பர் ஹெவிட் கண்டுபிடித்தது. சிலிக்கான் டயோடு வந்தபின் இதற்கு வேலை போய்விட்டது. அதனால்தான் மிச்சமிருக்கும் ஒவ்வொன்றும் முழுசாக ஊர் போய்ச் சேரவேண்டும் என்று நினைக்கிறேன்.

புதிதாக இறங்குபவர்கள் குமிழைச் சுற்றிப் பஞ்சு பஞ்சாகத் திணிக்கிறார்கள். வெளியே இருந்து அடிபடக் கூடாது என்ற கவலை நியாயம்தான். ஆனால் இதில் அடி உள்ளேயிருந்தும் வரும். குமிழின் அடியில் பாதரசம் கிடக்கிறது. தண்ணீரைவிட 13.6 மடங்கு கனம். உள்ளே காற்றே இல்லை, வெற்றிடம். வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கினால் பாதரசம் எழும்பி, தடுக்கக் காற்றில்லாமல், சுத்தியல் போலக் கண்ணாடியில் மோதும். அரைக் கிலோ பாதரசம் 37 மில்லிதான், ஒரு சின்ன டம்ளர்கூட நிரம்பாது. ஆனால் அது விழும் இடம், கம்பி கண்ணாடிக்குள் நுழையும் மூட்டு. குமிழிலேயே பலவீனமான இடம் அது.

முதலில் ஆயத்தம்

மின் இணைப்பை உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியன் துண்டிக்கட்டும். கெப்பாசிட்டர்களில் தங்கிய மின்சாரத்தையும் அவரே இறக்கட்டும். ஓடிக்கொண்டிருந்த கருவியென்றால் ஒரு நாள் ஆறவிடுங்கள். ஒயர்களைக் கழற்றும் முன் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

மோதிரம், வளையல், சங்கிலி எல்லாவற்றையும் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள். தங்கத்தைப் பாதரசம் பிடித்துக்கொள்ளும். கண்ணாடி உடைந்தால் சில்லு உள்நோக்கிப் பாய்ந்து எதிர்ப்பக்கம் தெறிக்கும். 30 சென்டிமீட்டர் விட்டமுள்ள குமிழின் மேல் காற்று மொத்தமாக இரண்டரை டன்னுக்கு மேல் அழுத்திக்கொண்டிருக்கிறது. அதனால் முகத்தை முழுதாக மறைக்கும் கவசம், முழுக்கைச் சட்டை, நைட்ரைல் கையுறை இல்லாமல் பெட்டியைத் திறக்காதீர்கள்.

பெட்டிக்குள் சாம்பல் வெள்ளையில் அட்டையோ கயிறோ இருந்தால் அது கல்நாராக, அதாவது ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம். அறுக்காதீர்கள், பெருக்காதீர்கள், பாலிதீனால் போர்த்தி அப்படியே விடுங்கள். பழைய கெப்பாசிட்டரில் எண்ணெய் கசிந்திருந்தால் வெறுங்கையால் தொடக் கூடாது, அதில் பி.சி.பி. என்ற நச்சு இருக்க வாய்ப்புண்டு.

தலைகீழாகத் திருப்புவது

அனுபவசாலிகள் இந்தக் குமிழைத் தலைகீழாகத்தான் கொண்டுபோவார்கள். குமிழின் மேல்பாகமான பெரிய கண்ணாடிக் கூண்டு அகலமானது, வழவழப்பானது, அங்கே மூட்டு கிடையாது. பாதரசம் அதில் பரவி ஆழமில்லாமல் கிடக்கும்; மோதுவதற்கு இடமில்லை.

இரண்டு பேர் வேண்டும். கீழே தடித்த மெத்தை. ஒருவர் உள்ளங்கை இரண்டையும் கூண்டில் கொடுக்க, மற்றவர் அடிப்பாகத்தைத் தாங்கட்டும். குமிழின் கண்ணாடிக் கைகளைப் பிடித்துத் தூக்கவே கூடாது. அந்தக் கைகளில் இரண்டுக்கு நடுவே வெற்றுக் கண்ணாடி தெரியும் பக்கமாகச் சாய்த்தால் பாதரசம் கைக்குழாய்க்குள் ஓடாது. அப்புறம் ஒரு முழு நிமிடம் எடுத்துத் திருப்புங்கள். பாதரசம் எண்ணெய் போலச் சுவரோடு வழுக்கி இறங்கவேண்டும். 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டால் வேகம் அதிகம், நிறுத்துங்கள். அந்தச் சத்தம் வெற்றிடம் நன்றாக இருப்பதற்கும் அடையாளம். ஆனாலும் அதைச் சோதித்துப் பார்ப்பதற்காகக் குலுக்கவேண்டாம். முதல் தடவை இதைத் தனியாகச் செய்யாதீர்கள். செய்து பழகிய ஒருவரை அழைத்துக்கொள்ளுங்கள்.

பெட்டி

எல்லாப் பக்கமும் 15 சென்டிமீட்டர் இடைவெளி இருக்கும்படி பிளைவுட் பெட்டி. உள்ளே, லேசாகக் காற்றடித்த ஸ்கூட்டர் டியூப் ஒன்றை வளையமாகப் போட்டு அதன்மேல் கூண்டை உட்காரவையுங்கள். சுற்றிலும் கெட்டியான ஃபோம் துண்டுகள். தெர்மாகோல் குலுங்கக் குலுங்கப் பொடிந்துபோகும், வேண்டாம். குமிழின் கைகள் எதன்மீதும் படக் கூடாது.

பெட்டி முழுவதையும் பெரிய பிளாஸ்டிக் தொட்டிக்குள் வைத்துவிடுங்கள். உடைந்தாலும் பாதரசம் அதைத் தாண்டாது. வீட்டில் இருக்கிறதே என்று அலுமினிய அண்டாவை எடுக்காதீர்கள். பாதரசம் அலுமினியத்தை அரித்துவிடும். விமானப் பெட்டியில் இதைக் கொண்டுபோக முடியாததற்கும் அதுவே காரணம். கூரியரிலோ பஸ் பார்சலிலோ சொல்லாமல் அனுப்புவது மகா தப்பு. ஆபத்தான சரக்குப் பட்டியலில் பாதரசத்துக்கு ஐ.நா. எண் 2809, பாதரசம் உள்ள பொருளுக்கு 3506. பெட்டியின் மேல் 'பாதரசம், கண்ணாடி, இந்தப் பக்கம் மேலே' என்று பெரிதாக எழுதுங்கள்.

வண்டி

குட்டி யானை போதும், ஆனால் காலியாக ஓட்டினால் துள்ளும். நாலைந்து மணல் மூட்டை ஏற்றுங்கள். பெட்டி பின் சக்கரத்துக்கு நேர்மேலே இருக்கக் கூடாது. ஆட்கள் உட்காரும் இடத்திலும் வைக்கக் கூடாது. சூடு ஏற ஏறப் பாதரச ஆவி கூடும், அதற்கு மணமோ நிறமோ கிடையாது. விடிகாலையில் கிளம்பி வெயிலுக்கு முன் சேர்வது நல்லது.

கந்தகப் பொடி, ஊசியில்லாத சிரிஞ்ச், தடித்த அட்டை, டார்ச், இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் ஜாடி ஆகியவை கூடவே வரட்டும். உடைந்தால் அவிழ்த்துக் கொட்டிய நெல்லிக்காய் மூட்டைதான். ஆட்களை விலக்கி, காற்றோட்டம் கொடுத்து, டார்ச்சைத் தரையோடு தரையாகப் பிடித்தால் துளிகள் மின்னும். அட்டையால் ஒதுக்கி சிரிஞ்சில் உறிஞ்சுங்கள். துடைப்பமும் வாக்குவம் கிளீனரும் கூடவே கூடாது. சேர்த்ததைச் சாக்கடையிலோ காயலான் கடையிலோ தள்ளாமல், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் கேட்டு அனுமதி உள்ள இடத்தில் ஒப்படையுங்கள்.

இறக்கிய பிறகு

அதே இரண்டு பேர், அதே நிதானம், நிமிர்த்தவும் ஒரு நிமிடம். அன்றே மின்சாரம் கொடுத்து அந்த நீலத்தைப் பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். டார்ச் அடித்து ஒவ்வொரு கைக்குழாயையும் பாருங்கள். கறுத்த கிராஃபைட் ஆனோடில், அதாவது மின்சாரம் குமிழுக்குள் நுழையும் முனையில், பாதரசத் துளி ஒன்று ஒட்டியிருந்தால்கூட மின்சாரம் தலைகீழாகப் பாய்ந்து குமிழே போய்விடலாம். துளிகள் எல்லாம் அடிக்கு இறங்கும்வரை சுவிட்சைத் தொடாதீர்கள்.