சான்ஃபோர்டு துப்பாக்கிச்சூடு: தற்காப்பையும் இனச் சந்தேகத்தையும் பற்றிப் பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

2012 பிப்ரவரி 26, மழை பெய்துகொண்டிருந்த ஞாயிறு இரவு. ஃபுளோரிடா மாநிலம் சான்ஃபோர்டில், வாயிற்கதவு போட்ட ஒரு குடியிருப்புக்குள் ட்ரேவான் மார்ட்டின் என்ற 17 வயதுக் கறுப்பினச் சிறுவர் சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டவர் ஜார்ஜ் ஸிம்மர்மன், வயது 28. தற்காப்புக்காகச் சுட்டேன் என்றார். 2013 ஜூலை 13 அன்று, ஆறு பெண்கள் கொண்ட ஜூரி அவரைக் குற்றவாளி அல்ல என்று அறிவித்தது. அமெரிக்காவில் சர்ச்சைக்குரிய துப்பாக்கிச்சூடு எங்கே நடந்தாலும் இன்றும் இந்த வழக்கைத்தான் முதலில் இழுப்பார்கள். இழுக்கும்போதே பழைய பிழைகளும் சேர்ந்து வந்துவிடும்.

இந்த வழக்கில் மூன்று கேள்விகள் இருக்கின்றன. அந்தச் சிறுவரை ஸிம்மர்மன் ஏன் சந்தேகப்பட்டார்? சுட்ட நொடியில் தன் உயிருக்கு ஆபத்து என்று நம்ப அவருக்கு நியாயமான காரணம் இருந்ததா? அரசுத் தரப்பு எதை, எந்த அளவுக்கு நிரூபிக்க வேண்டியிருந்தது? முதல் கேள்விக்கான ஆதாரத்தைக் காட்டி இரண்டாவதற்குத் தீர்ப்பு எழுதுகிறார்கள் சிலர். மூன்றாவதன் விடையைச் சொல்லி முதல் கேள்வியையே வாயடைக்கிறார்கள் வேறு சிலர். கீழே வரும் பிழைகளில் பெரும்பாலானவை இந்தக் குழப்பத்திலிருந்து முளைத்தவை.

அடிப்படைத் தகவலிலேயே சறுக்குவது

ஸிம்மர்மன் போலீஸ்காரர் அல்லர். குடியிருப்புவாசிகளே நடத்தும் காவல் குழுவின் ஒருங்கிணைப்பாளர். துப்பாக்கி வைத்துக்கொள்ள உரிமம் பெற்றவர். அவருடைய தாய் பெரு நாட்டில் பிறந்தவர் என்பதால் வெறுமனே ‘வெள்ளையர்’ என்று எழுதினாலும் பாதித் தகவல்தான். அவர் அழைத்தது 911 என்ற அவசர எண்ணையும் அல்ல, சான்ஃபோர்டு காவல்துறையின் அவசரமில்லாத எண்ணை. கைகலப்புச் சத்தம் கேட்டு 911-ஐ அழைத்தவர்கள் அக்கம்பக்கத்து வீட்டார். ஆக, வேறு வேறு ஒலிப்பதிவுகள் இருக்கின்றன; எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று சொல்லாமல் ‘அந்த ஆடியோ’ என்றால் பேச்சு அங்கேயே திசைமாறிவிடும்.

மார்ட்டின் அத்துமீறி நுழைந்தவரும் அல்லர். அவருடைய தந்தை மணக்கவிருந்த பெண்ணின் வீடு அந்தக் குடியிருப்பில் இருந்தது; அங்கே விருந்தாளியாக வந்திருந்தார். கடைக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தார். அவரிடம் இருந்தது ஸ்கிட்டில்ஸ் மிட்டாயும் ‘ஐஸ் டீ’யும் என்று எங்கும் எழுதப்பட்டிருக்கும். உண்மையில் அது அரிசோனா நிறுவனத்தின் தர்பூசணிப் பழபானம். வழக்கை மாற்றக்கூடிய விவரம் இல்லைதான். ஆனால் எழுதுகிறவர் சாட்சியப் பொருள்களின் பட்டியலைப் பார்த்தாரா, இன்னொருவர் எழுதியதைப் பார்த்து எழுதினாரா என்று கண்டுபிடிக்க இதைவிட எளிய வழி கிடையாது.

வெட்டி ஒட்டிய ஒலிப்பதிவை நம்புவது

இந்த வழக்கில் ஆகப் பெரிய சேதம் இங்கேதான் நடந்தது. என்பிசி தொலைக்காட்சி 2012 மார்ச்சில் ஒலிபரப்பிய வடிவத்தில் ஸிம்மர்மன், ‘இவன் ஏதோ தப்பு செய்யப் போகிறவன் மாதிரி இருக்கிறான். கறுப்பின ஆள் மாதிரி தெரிகிறது’ என்று ஒரே மூச்சில் சொல்வதுபோல் இருந்தது. முழு அழைப்பைக் கேட்டால் கதை வேறு. முதல் வாக்கியத்துக்குப் பிறகு, போதை மருந்து எடுத்தவன்போல இருக்கிறான், மழையில் சும்மா நடந்து சுற்றுமுற்றும் பார்க்கிறான் என்று பேச்சு போகிறது. பிறகு எதிர்முனையில் இருந்த காவல்துறைப் பணியாளர், ஆள் வெள்ளையரா, கறுப்பரா, ஹிஸ்பானிக்கா (லத்தீன் அமெரிக்க வம்சாவளியா) என்று கேட்கிறார். அதற்கான பதில்தான் அந்த இரண்டாவது வாக்கியம். என்பிசி மன்னிப்புக் கேட்டது. பொறுப்பானவர் வேலை இழந்தார். ஆனாலும் வெட்டிய வடிவம் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது.

இதைத் தெரிந்துகொண்டவர்கள் எதிர்ப்பக்கம் சாய்ந்து விழுவதும் உண்டு: ‘நிறத்தைப் பற்றி அவராகச் சொல்லவில்லை, எனவே நிறத்துக்குச் சம்பந்தமே இல்லை.’ இதுவும் அவசரம். நிறத்தைக் கேள்வி கேட்டபின் சொன்னார் என்பது மட்டுமே அந்தப் பதிவு காட்டுவது. மழையில் நடந்து போகும் ஒரு சிறுவர் ஏன் முதலிலேயே சந்தேகத்துக்குரியவராகத் தெரிந்தார் என்பதற்கு அதில் விடை இல்லை. ‘இவன்கள் எப்போதும் தப்பித்துவிடுகிறான்கள்’ என்று வசைச் சொல்லோடு அவர் பன்மையில் சொன்னதும் அதே பதிவில்தான் இருக்கிறது.

ஸிம்மர்மனின் அழைப்பில் உள்ள தெளிவில்லாத ஒரு சொல்லை ஹெட்போன் மாட்டித் திரும்பத் திரும்பக் கேட்டு, இனவசைச் சொல் என்று அடித்துச் சொன்னவர்கள் ஏராளம். குற்றப்பத்திரிகையோடு தாக்கலான பிரமாணப் பத்திரத்தில் அரசுத் தரப்பே அதை ‘போக்கிரிகள்’ என்ற பொருள்படும் சொல்லாகத்தான் எழுதியது. 911 பதிவின் பின்னணியில் கேட்கும் அலறல் யாருடையது என்பதிலும் இதே கதை. இரு தாய்மாரும் நீதிமன்றத்தில் அது தன் மகன் குரல் என்றார்கள். அந்தத் தரத்திலுள்ள பதிவை வைத்து ஆளை அடையாளம் காண முடியாது என்று எஃப்பிஐ ஒலி வல்லுநர் சாட்சி சொன்னார். அது மார்ட்டினின் குரல் என்ற முடிவுக்கு இடம்கொடுத்த வல்லுநர்களின் சாட்சியத்தை நீதிபதி டெப்ரா நெல்சன் ஏற்கவில்லை. எதிர்பார்ப்போடு கேட்கும் காதுக்கு எதிர்பார்த்ததே கேட்கும்.

இன்னொன்று: ‘பின்தொடராதே என்று போலீஸ் உத்தரவிட்டது.’ மார்ட்டினைப் பின்தொடர்வதாக ஸிம்மர்மன் அழைப்பில் சொன்னபோது, ‘நீங்கள் அதைச் செய்யத் தேவையில்லை’ என்பதுதான் பதிலாகச் சொல்லப்பட்டது; ‘சரி’ என்றார் ஸிம்மர்மன். உத்தரவு போடுவது தங்கள் வழக்கம் அல்ல, போட்டால் விளைவுக்குப் பொறுப்பேற்க வேண்டி வரும் என்று அந்தப் பணியாளரே சாட்சியத்தில் விளக்கினார்.

‘ஸ்டாண்ட் யுவர் கிரவுண்ட்’ சட்டத்தைத் தவறாகப் பொருத்துவது

‘உன் இடத்தில் நில்’ என்று பொருள்படும், 2005-ல் ஃபுளோரிடா கொண்டுவந்த இந்தச் சட்டத்தின் சாரம்: சட்டப்படி இருக்க உரிமையுள்ள இடத்தில் தாக்கப்படுகிறவருக்கு, முடிந்தால் விலகிப் போக வேண்டும் என்ற கடமை இல்லை. வீட்டுக்குள் அப்படிப்பட்ட கடமை முன்பும் இல்லை. 2005-க்குப் பிறகு தெருவுக்கும் அதே நிலை வந்தது.

‘இந்தச் சட்டம்தான் ஸிம்மர்மனைக் காப்பாற்றியது’ என்பது ஒரு தவறு. ‘இதற்கும் வழக்குக்கும் தொடர்பே இல்லை’ என்பது அதற்கு நேர் எதிரான தவறு. நடந்ததைக் கட்டம் கட்டமாகப் பிரித்தால்தான் புரியும்.

முதலில் கைது. ஃபுளோரிடா சட்டம் 776.032, பயன்படுத்திய பலம் சட்டவிரோதமானது என்று கருதப் போதிய முகாந்திரம் இல்லாமல் தற்காப்பு கோருபவரைக் கைதுசெய்யக் கூடாது என்கிறது. ஸிம்மர்மனை உடனே கைதுசெய்யாததற்கு நகர நிர்வாகம் அப்போது காட்டிய காரணம் இதுதான். ஏறத்தாழ ஒன்றரை மாதப் போராட்டத்துக்குப் பிறகு, ஏப்ரல் 11 அன்று சிறப்பு அரசு வழக்கறிஞர் ஏஞ்சலா கோரி இரண்டாம் நிலைக் கொலைக் (முன்கூட்டித் திட்டமிடாத கொலை) குற்றச்சாட்டைப் பதிவுசெய்தார்.

அடுத்து, விசாரணைக்கு முந்தைய விலக்கு. இந்தச் சட்டத்தின்படி, வழக்கே நடக்காமல் விலக்குக் கேட்டு தனி விசாரணை கோரலாம். ஸிம்மர்மன் தரப்பு அதைக் கோரவில்லை. தரையில் மல்லாந்து கிடந்தார், மார்ட்டின் மேலே இருந்தார், விலகிப் போக வழியே இல்லை என்பதே அவர்கள் வாதம். விலக வழியே இல்லை என்று சொல்பவருக்கு விலக வேண்டாம் என்ற சலுகை எதற்கு?

கடைசியாக ஜூரி. அவர்களுக்குத் தரப்பட்ட எழுத்து அறிவுறுத்தலில், விலகிப் போகும் கடமை இல்லை, தன் இடத்தில் நிற்க உரிமை உண்டு என்ற வாசகம் இருந்தது. 2005-க்கு முந்தைய அறிவுறுத்தலில் இது நேரெதிராக இருந்திருக்கும். முடிவை இது எவ்வளவு அசைத்தது என்று அளக்க வழியில்லை. ஆனால் சட்டம் அறைக்குள்ளேயே வரவில்லை என்பது பொய்.

நம் ஊர்ச் சட்டத்தை அங்கே பொருத்துவது

தமிழில் எழுதுகிறவர்கள் தனியாகக் கவனிக்க வேண்டிய இடம் இது. இந்தியச் சட்டத்தில் தற்காப்பு உரிமை, முன்பு இந்திய தண்டனைச் சட்டம் 96 முதல் 106 வரை, இப்போது பாரதிய நியாய சன்ஹிதா 34 முதல் 44 வரை உள்ள பிரிவுகளில் இருக்கிறது. இங்கே தற்காப்பு என்று சொல்பவர்தான் அதைக் காட்ட வேண்டும். அரசுத் தரப்பு அளவுக்குக் கறாராக இல்லாவிட்டாலும், நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்ற அளவுக்காவது. காவல்துறையை அணுக நேரம் இருந்தால் அந்த உரிமையே கிடையாது என்ற கட்டுப்பாடும் உண்டு.

ஃபுளோரிடாவில் தராசு தலைகீழ். தற்காப்பாக இருக்கலாம் என்பதற்குக் கொஞ்சம் அடையாளம் வந்துவிட்டால் போதும். அது தற்காப்பு அல்ல என்று நியாயமான சந்தேகத்துக்கு அப்பால் நிரூபிப்பது அரசின் சுமை. ஸிம்மர்மனுக்கு மூக்கில் காயம், பின்தலையில் இரண்டு கிழிசல்கள். மோதலின் தொடக்கத்தை முழுமையாகக் கண்ணால் பார்த்த சாட்சி யாரும் இல்லை. துப்பாக்கி முனை சட்டையைத் தொட்டிருந்தது, உடம்புக்கும் முனைக்கும் 2 முதல் 4 அங்குல இடைவெளி இருந்தது, மார்ட்டின் குனிந்திருந்தால் அப்படி இருக்கும் என்று ஸிம்மர்மன் தரப்பின் தடயவியல் மருத்துவர் சொன்னார். இத்தனை இருக்கும்போது சந்தேகத்தை முழுக்கத் துடைப்பது கடினம்.

‘பின்தொடர்ந்தவன்தானே தொடங்கினான்’ என்ற கேள்வி நியாயமானது. ஆனால் அந்த மாநிலத் தீர்ப்புகளின்படி, தூண்டுதல் என்றால் பலத்தால் அல்லது பலம் காட்டி மிரட்டியதால் நடந்திருக்க வேண்டும். பின்னால் நடந்து போவது குற்றம் அல்ல. முதலில் தூண்டியவர் பற்றிய அறிவுறுத்தலைச் சேர்க்க அரசுத் தரப்பு கேட்டது; நீதிபதி மறுத்துவிட்டார். அறநெறிப்படி யார் இந்தச் சந்திப்பை உண்டாக்கினார் என்று கேட்பதும், சட்டப்படி முதல் தாக்குதல்காரர் யார் என்று கேட்பதும் வேறு வேறு.

‘குற்றவாளி அல்ல’ என்பதை ‘நிரபராதி’ என்று மொழிபெயர்க்காதீர்கள். முதல் வாக்கெடுப்பில் மூவர் குற்றமில்லை, இருவர் கொலையாகாத மரணக் குற்றம், ஒருவர் இரண்டாம் நிலைக் கொலை என்று பிரிந்திருந்ததாக ஜூரி ஒருவரே பின்னர் சொன்னார்.

சந்தேகத்தையும் வெறுப்பையும் ஒன்றாக்குவது

ஆளின் நிறத்தையோ இனத்தையோ வைத்துச் சந்தேகிப்பதற்குத் தமிழில் நிலைத்த ஒரு சொல் இன்னும் வரவில்லை. அதனால் கை ‘நிறவெறி’க்குப் போய்விடுகிறது. வெறி என்றால் வெறுப்பு, கோபம், நோக்கம் எல்லாம் ஒட்டிக்கொள்ளும். நிறத்தை வைத்துச் சந்தேகிக்க வெறுப்பே தேவையில்லை. குடியிருப்பில் திருட்டுகள் நடந்தன, பிடிபட்டவர்களில் கறுப்பின இளைஞர் இருந்தார், ஆகவே எதிரே வரும் கறுப்பின இளைஞரும் அப்படித்தான் என்று மனம் போடும் கணக்கே போதும். ‘இன அடையாளச் சந்தேகம்’ என்று நீட்டி எழுதினாலும் பரவாயில்லை.

நீதிமன்றமும் இந்தக் கோட்டைப் போட்டது. தொடக்க உரையில் அடையாளத்தை வைத்துச் சந்தேகித்தார் என்று சொல்லலாம், ‘இன’ என்ற அடைமொழி கூடாது என்றார் நீதிபதி. எஃப்பிஐ விசாரித்த அறிமுகமானவர்கள் யாரும் ஸிம்மர்மனை இனவெறியர் என்று சொல்லவில்லை. அமெரிக்க மத்திய அரசின் நீதித்துறை அமைச்சகம் 2015 பிப்ரவரியில், சிவில் உரிமை வழக்குக்கு ஆதாரம் போதாது என்று கோப்பை மூடியது. அங்கே நிரூபிக்க வேண்டியது, இனத்தின் காரணமாக வேண்டுமென்றே செய்தார் என்பது. அது நிரூபணமாகவில்லை என்பதால் அந்த இரவின் சந்தேகத்தில் நிறத்துக்குப் பங்கில்லை என்று ஆகிவிடாது.

படங்களைப் பற்றி ஒரு வரி: பால்முகம் மாறாத மார்ட்டினும், ஆரஞ்சு உடையில் பழைய காவல்துறைப் படத்து ஸிம்மர்மனும் ஒருபக்கம், மார்ட்டின் என்று சொல்லி வேறொருவரின் படம் மறுபக்கம். தேதி தெரியாத படத்தைப் பகிராமல் இருப்பது நல்லது.

பிற வழக்குகளோடு ஒட்டவைப்பது

கைல் ரிட்டன்ஹவுஸ் என்ற இளைஞர் 2020-ல் விஸ்கான்சின் மாநிலம் கெனோஷாவில், போராட்டத்தின்போது சுட்டது கறுப்பர்களை என்று பலர் இன்னும் நினைக்கிறார்கள். இறந்த இருவரும் வெள்ளையர்கள். 2020 பிப்ரவரியில் ஜார்ஜியாவில் அஹ்மட் ஆர்பரி கொல்லப்பட்ட வழக்கில், துரத்தியவர்கள் துப்பாக்கியோடு வண்டியில் வழிமறித்தது வீடியோவில் இருந்தது. மாநில வழக்கில் அரசுத் தரப்பு இனத்தைப் பெரிதாக எழுப்பவே இல்லை. 2021 நவம்பரில் மூவருக்கும் கொலைக் குற்றம் உறுதியானது. பின்னர் வந்த மத்திய வழக்கில்தான் அவர்களின் குறுஞ்செய்திகளும் சமூக ஊடகப் பதிவுகளும் இன நோக்கத்துக்குச் சாட்சியாயின. சான்ஃபோர்டில் வீடியோவும் இல்லை, அப்படிப்பட்ட செய்திகளும் இல்லை.

அதே ஃபுளோரிடாவில், 2018-ல் கிளியர்வாட்டரில், வாகனம் நிறுத்தும் இடத் தகராறில் மைக்கேல் ட்ரேக்கா ஒரு கறுப்பின இளைஞரைச் சுட்டுக் கொன்றார். ஸ்டாண்ட் யுவர் கிரவுண்ட் சட்டத்தைக் காட்டி ஷெரிஃப் (அந்த வட்டாரக் காவல் தலைவர்) கைதுசெய்ய மறுத்தார். ட்ரேக்கா துப்பாக்கியை நீட்டியதும் எதிராளி பின்வாங்குவது கடையின் கேமராவில் பதிவாகியிருந்தது. அரசு வழக்கறிஞர் வழக்குப் போட்டார். 2019-ல் ஜூரி குற்றவாளி என்றது. தண்டனை 20 ஆண்டு.