குஷாதாசியிலிருந்து எபேசுக்கு ஒரு பகல்

துருக்கியின் குஷாதாசி கடற்கரையிலிருந்து பண்டைய நகரமான எபேசுவின் இடிபாடுகள் சுமார் 20 கி.மீ. பக்கத்து ஊரான செல்ச்சுக் போகும் 'டோல்முஷ்' மினிபஸ், இடிபாடுகளின் சரிவடியிலுள்ள கீழ்வாசலுக்குப் பிரியும் திருப்பத்தில் இறக்கிவிடும். அங்கே இறங்காதீர்கள், வெயிலில் முழுக்க ஏற்றம். செல்ச்சுக் வரை போய், டாக்ஸி பிடித்து மேட்டிலுள்ள மேல்வாசலில் நுழையுங்கள். பிறகு செல்சஸ் நூலகம் வரை இறக்கம்தான். அதைத் தாண்டினால் சுமார் 25,000 பேர் அமரக்கூடிய அரங்கம்.

திறந்ததும் உள்ளே போய்விடுங்கள். துறைமுகத்தில் பயணக் கப்பல் நிற்கும் நாட்களில் முற்பகலிலேயே தெரு நெரிசலாகிவிடும்.

காலடி பட்டுத் தேய்ந்த பளிங்கு வழுக்கும். செருப்பு வேண்டாம், பிடிப்புள்ள ஷூ போடுங்கள். நிழல் அரிது, தலைக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர் வேண்டும். சரிவிலுள்ள அடுக்கு வீடுகளைத் தவறவிடாதீர்கள்: கூரை நிழலில் சுவரோவியமும் மொசைக் தரையும், நூலகத்தைவிட அழகு.

திரும்பும்போது செல்ச்சுக் ஓரம் கிரேக்கத் தெய்வமான ஆர்ட்டெமிஸின் கோயில். நிமிர்ந்து நிற்பது ஒரே தூண், பத்து நிமிடம் போதும்.