குட்டிக்கு வயிற்றாலடி: அவசரத்தில் நாம் விடுகிற பிழைகள்

மாரி தொடங்கிய கிழமை மச்சாள் வீட்டிலிருந்து ஒரு நாய்க்குட்டியைக் கொண்டுவந்தோம். மண்ணிறம், நெற்றியில் வெள்ளைப் புள்ளி, வயது ஆறு கிழமை. பெயர் பிறவுணி. யாழ்ப்பாணத்தில் மண்ணிற நாய்க்கு வேறு பெயர் வைக்க யாருக்கும் தோன்றுவதில்லை. வந்த அன்று இரவு ஒரு கோப்பை பால்மாப் பால், விடிய பாணும் பாலும், மத்தியானம் மீன்கறியில் பிசைந்த சோறு. அடுத்த நாள் எழும்பிப் பார்த்தால் விறாந்தை முழுக்கத் தண்ணியாய்க் கழித்து வைத்திருந்தது. அதற்குப் பிறகு வீட்டில் ஆளாளுக்கு வைத்தியம் தொடங்கினோம்.

அப்போது நாங்கள் விட்ட பிழைகளும், பிறகு அயலில் பார்த்தவையும்தான் இங்கே இருக்கின்றன.

முதல் பிழை அந்தப் பால்தான். குட்டி என்றால் பால் குடிக்கும், சரி. ஆனால் அது குடித்து வளர்ந்தது தாய் நாயின் பால். பசுப்பாலில் 100 கிராமுக்குக் கிட்டத்தட்ட 5 கிராம் லாக்டோஸ் என்ற சர்க்கரை இருக்கிறது. நாய்ப்பாலில் அது ஏறக்குறைய 3 கிராம்தான். கொழுப்பும் புரதமும் இரண்டு மடங்குக்கு மேல். தாயிடம் குடிப்பதை விடும் வயதில் லாக்டோஸைச் செரிக்கும் சக்தியும் குறைந்துகொண்டு வருகிறது. செரிக்காத சர்க்கரை குடலுக்குள் தண்ணீரை இழுக்கும், புளிக்கும், வயிறு ஊதும், பிறகு விறாந்தை நாறும். பால்மாவைக் கட்டியாகக் கரைத்தால் இன்னும் மோசம். ஆட்டுப்பாலும் இதில் பெரிதாக வித்தியாசமில்லை.

பாலை விட்டாலும், ஒரே நாளில் சாப்பாட்டை மாற்றுவது இன்னொரு பிழை. குட்டியை வாங்கும்போது நிறத்தையும் வாலையும் பார்க்கிற நாங்கள், அங்கே என்ன சாப்பிட்டது என்று கேட்பதில்லை. கேட்டு, அதே சாப்பாட்டில் கொஞ்சம் வாங்கிக்கொண்டு வாருங்கள். முதல் இரண்டு மூன்று நாள் அதையே கொடுத்து, ஒரு கிழமைக்குள் மெல்ல மெல்லப் புதியதைக் கலந்தால் போதும். இன்னொன்று: எட்டுக் கிழமைக்கு முன் குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்காமல் விடுவது நல்லது. பிறவுணி விஷயத்தில் நாங்கள் அதையும் கேட்கவில்லை.

கறி சேர்த்த சோறு பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எங்கள் மிளகாய்த்தூள் பெரிய ஆட்களின் வயிற்றையே ஒரு கை பார்க்கும். அதைவிடப் பெரிய சிக்கல் வெங்காயமும் உள்ளியும். நாயின் செங்குருதிக் கலங்களை இவை உடைக்கும். சமைத்தாலும் அந்தக் குணம் போகாது. சொதி கூட வேண்டாம்.

சரி, வயிறு கெட்டுவிட்டது. இனி என்ன? "வயித்தைக் காயப் போடு பிள்ளை, எல்லாம் சரிவரும்" என்றார் அம்மம்மா. வளர்ந்த நாய் அரை நாள் சாப்பிடாமல் கிடந்தால் ஒன்றும் ஆகாது. ஒன்றரை மாதக் குட்டியின் உடம்பிலோ சேமிப்பு என்று ஒன்றும் இல்லை. சில மணி நேரத்திலேயே இரத்தத்தில் சர்க்கரை இறங்கி, நடுங்கி, தள்ளாடி விழுந்துவிடும். ஆகவே பட்டினி போடாமல் சாப்பாட்டை இலேசாக்க வேண்டும். தோலும் எலும்பும் நீக்கி அவித்த கோழி இறைச்சி ஒரு பங்கு, நன்றாகக் குழைந்த சோறு இரண்டு பங்கு. உப்பு, எண்ணெய், தூள் எதுவும் இல்லை. ஒரு நாளைக்கு ஐந்தாறு தரம், ஒவ்வொரு தரமும் ஓரிரு மேசைக்கரண்டி. மொட்டைக்கறுப்பன் சிவப்பரிசிச் சோறு எங்களுக்கு நல்லது. தவிடு குறைந்த வெள்ளைப் பச்சையரிசிதான் இந்த இரண்டு மூன்று நாளைக்குக் குட்டிக்குத் தோது.

சாப்பாட்டை நிறுத்துவதைவிட மோசம், தண்ணீர்ச் சட்டியை எடுத்து ஒளிப்பது. "குடிக்கக் குடிக்கத்தானே போகுது" என்ற நினைப்பு. குட்டி சாவது பெரும்பாலும் உடம்பில் நீர் வற்றித்தான். கொதித்தாறிய தண்ணீர் எப்போதும் எட்டுகிற இடத்தில் இருக்கட்டும். மாரியில் கிணறு கலங்குகிற நாட்களில் இது இன்னும் முக்கியம். வீட்டில் வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் குடிக்கிற ஜீவனித் தூள் இருந்தால் பைக்கற்றில் போட்டபடி முழுப் பைக்கற்றையும் ஒரு லீற்றர் தண்ணீரில் கரைத்து, பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் ஓரிரு தேக்கரண்டி வையுங்கள். ஒரு கோப்பைக்குக் கண்ணளவாகக் கொட்டினால் உப்புக் கூடிப்போகும். மிஞ்சியதை அடுத்த நாளுக்கு வைக்க வேண்டாம். சுருண்டு கிடக்கிற குட்டியின் வாயைப் பிளந்து ஊற்றுவது வேறு ஆபத்து: அது நுரையீரலுக்குப் போகும். அந்த நிலையில் அதற்கு வேண்டியது சேலைன்.

நீர் வற்றியிருக்கிறதா என்று பார்க்க முதுகுத் தோலைக் கிள்ளித் தூக்குவார்கள். விட்டதும் தோல் மெதுவாக இறங்கினால் நீர் போதாது. ஆனால் சின்னக் குட்டிகளின் தோல் ஏமாற்றும். வாய்க்குள் பல் முரசில் விரலை வைத்துப் பாருங்கள். ஈரமாக, வழுக்கலாக இருக்க வேண்டும். பசை போல ஒட்டினால் நேரம் போய்க்கொண்டிருக்கிறது. அப்படியே முரசை அழுத்தி விடுங்கள். வெளிறிய இடம் இரண்டு செக்கனுக்குள் திரும்பச் சிவக்க வேண்டும்.

அடுத்தது மருந்துப் பெட்டி. எங்கள் வீட்டிலும் குளிர்ப்பெட்டிக்கு மேல் ஒரு பிளாஸ்ரிக் டப்பா இருக்கிறது; யாருக்கோ எப்போதோ எழுதிக் கொடுத்த குளிசைகளின் மிச்சம். அதில் ஒன்றும் குட்டிக்கு ஆகாது. வயிற்றோட்டத்தை நிறுத்தும் லோப்பெறமைட், வெளியே போக வேண்டிய நஞ்சையும் கிருமியையும் உள்ளே பூட்டி வைக்கக்கூடும்; சில சாதி நாய்களின் மூளையையும் தாக்கும். பரசிற்றமோல் ஈரலைக் கெடுக்கும். ஐபுபுரோபன் இரைப்பையில் புண்ணாக்கும், சிறுநீரகத்தையும் பாதிக்கும். மிச்சம் கிடந்த அன்ரிபயோட்டிக் குளிசையில் பாதி, கால்வாசி என்று கொடுப்பதும் வீண். சாதாரண வயிற்றோட்டத்துக்கு அது தேவைப்படுவதே குறைவு.

கை வைத்தியமும் அப்படித்தான். தேசிக்காய்ப்புளி விட்ட வெறுந்தேத்தண்ணி எங்களுக்கு வயிற்றைக் கட்டும். தேயிலையில் உள்ள கஃபீனை நாயின் உடம்பு எங்களைப் போலத் தாங்காது, அதுவும் ஒன்றரைக் கிலோ உடம்பு. மாதுளங்கோது அவித்த தண்ணீர், வேப்பிலைச் சாறு எல்லாம் குட்டிக்குச் சத்தி வரவைத்து இருக்கிற நீரையும் போக்கத்தான் உதவும்.

பிறகு, "இது பூச்சிதான்" என்ற தீர்ப்பு. பாதி சரி. வட்டப்புழு தாயின் வயிற்றில் இருக்கும்போதே குட்டிக்குப் போய்விடும், பாலிலும் போகும். அதனால்தான் பிறந்து இரண்டாம் கிழமையிலிருந்து இரண்டு கிழமைக்கு ஒரு தரம் பூச்சி மருந்து கொடுக்கச் சொல்கிறார்கள். பிழை எங்கே என்றால், பெரிய நாயின் குளிசையைக் கண்ணளவில் உடைத்துக் கொடுப்பதில். மருந்தின் அளவு நிறையைப் பொறுத்தது. குட்டியைத் தூக்கிக்கொண்டு தராசில் ஏறி நின்று, பிறகு தனியாக நின்று கழித்தால் நிறை கிடைத்துவிடும். முரசு வெளிறி, மலம் தார் போலக் கறுத்திருந்தால் கொக்கிப்புழுவை நினைக்க வேண்டும். அது இரத்தம் உறிஞ்சுகிற சாதி. இலங்கையின் பழைய பெயரையே சுமக்கிற ஒரு கொக்கிப்புழுவும் உண்டு, அன்சைலோஸ்டோமா செய்லானிக்கம். அது நாய், பூனை, மனிதர் என்று பேதம் பார்ப்பதில்லை. முற்றத்தில் கிடக்கிற மலத்தை உடனுக்குடன் அள்ளாமல் பிள்ளைகளை வெறுங்காலோடு விளையாட விடுவதையும் இந்தப் பிழைகளோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றிலும் உயிரைக் குடிக்கிற பிழை இனி வருகிறது. "ஊசி போட்டாச்சு" என்பார்கள். எந்த ஊசி என்று கேட்டால், சுகாதாரப் பகுதியினர் ஊருக்குள் வந்து இலவசமாகப் போட்ட விசர்நாய்த் தடுப்பூசி. அது கட்டாயம் வேண்டும், ஆனால் குட்டிகளின் குடலைத் தாக்கிக் கொல்லுகிற பார்வோ வைரஸைத் தடுக்காது. பார்வோவுக்கு வேறு ஊசி. ஆறு முதல் எட்டுக் கிழமையில் தொடங்கி, மூன்று நான்கு கிழமைக்கு ஒரு தரம், பதினாறு கிழமை வரை போட வேண்டும். தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி முதல் ஊசிகளை வேலை செய்ய விடாமல் தடுக்கலாம். அதனால் ஒன்றோடு நிறுத்தினால் போட்டும் போடாத கணக்குத்தான்.

பார்வோ வந்த குட்டி முதலில் சோர்ந்து படுக்கும், சாப்பிடாது, சத்தி எடுக்கும். பிறகு இரத்தம் கலந்து தண்ணியாய்ப் போகும். ஒரு தரம் முகர்ந்தவர் அந்த நாற்றத்தை மறக்கமாட்டார். இதை வீட்டில் வைத்துப் பார்க்க முடியாது. வீட்டில் முன்பு ஒரு குட்டி இப்படிச் செத்திருந்தால் அடுத்ததை அவசரப்பட்டுக் கொண்டுவர வேண்டாம். இந்த வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். சீமெந்துத் தரையை முதலில் வடிவாகக் கழுவி, துணி வெளுக்கும் குளோரின் திரவம் ஒரு பங்குக்கு முப்பது பங்கு தண்ணீர் கலந்து ஊற்றிப் பத்து நிமிடம் விடுங்கள். மணலில் அது பலிக்காது.

ஆகவே எப்போது பொறுக்கலாம்? ஓடி விளையாடுகிற, சாப்பிடுகிற, சத்தி எடுக்காத குட்டி என்றால் ஒரு நாள் பார்க்கலாம். சத்தி, இரத்தம், சோர்வு இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே மிருக வைத்தியரிடம். வெள்ளிக்கிழமை பின்னேரம் என்றால் திங்கள் வரை பார்ப்போம் என்று இருந்துவிடாதீர்கள். போகும்போது ஒரு சின்ன டப்பாவில் புதிய மலம் கொஞ்சம் கொண்டுபோங்கள்.

நாங்கள் கொண்டுபோனோம். வைத்தியர் முதல் கேட்டது, "வீட்டிலை என்ன மருந்து குடுத்தனீங்கள்?" அம்மம்மா கூரையைப் பார்த்தார். பிறவுணிக்கு இருந்தது பார்வோ அல்ல, பாலும் வட்டப்புழுவும்தான். நாலாம் நாள் விடிய விறாந்தை மூலையில் உருண்டையாய் ஒன்று கிடந்தது. அம்மம்மாதான் முதலில் கண்டு, எல்லோரையும் எழுப்பிக் கூட்டிவந்து காட்டினார்.