முன்பக்க மீட்புக் கொக்கிகளை மாற்றும் முறை
சிக்கிக்கொண்ட வண்டியை இழுத்து மீட்கும்போது, கப்பலில் வைத்துக் கட்டுவதற்காக அதன் அடியில் பற்றவைக்கப்பட்டிருக்கும் மெல்லிய வளையத்தில் இழுவைக் கயிற்றை மாட்டவே கூடாது. அது பிய்ந்தால் தோட்டாபோல் பாய்ந்து உயிரைப் பறித்துவிடும். உங்கள் மாடலுக்கென்றே செய்யப்பட்ட, சுமை அளவு பொறித்த கொக்கிகள் இரண்டை வாங்கி, சேஸியின் இரு தண்டுகளிலும் பொருத்துங்கள். பழையவற்றைக் கழற்றியதும், துளைகளைச் சுற்றியுள்ள சேற்றையும் துருவையும் கம்பித் தூரிகையால் தேய்த்து, மயிரிழை விரிசலாவது தென்படுகிறதா என்று விளக்கடித்துப் பாருங்கள். தென்பட்டால் வேலையை அங்கேயே நிறுத்திவிடுங்கள். கொக்கியுடன் வந்த, தலையில் 8.8 அல்லது 10.9 என்று தரம் பொறித்த போல்ட்டுகளையே, தயாரிப்பாளர் குறிப்பிட்ட அளவுக்கு டார்க் ரெஞ்சால் (முறுக்கு விசையை அளந்து முடுக்கும் ஸ்பேனர்) முடுக்குங்கள். கயிற்றைக் கொக்கியுடன் இணைக்கும் U வடிவ வளையமான 4.75 டன் ஷேக்கிளின் திருகு ஊசியை (pin) முழுதாகத் திருகிச் சற்றே தளர்த்தினால், இழுத்த பிறகு இறுகிக்கொள்ளாது. முதல் கடும் இழுவைக்குப் பின் போல்ட்டுகளை மறுபடி சரிபார்த்துவிடுங்கள்.